காய்ந்த பேஸ்ட்டை அவசரப்படாமல் எடுப்பது

பழைய கணினியைத் திறந்து, பிராசசரின் (கணக்கிடும் முதன்மைச் சில்லின்) மேல் காய்ந்திருக்கும் தெர்மல் பேஸ்ட்டை, அதாவது சூட்டைக் கடத்தும் பசையை, துடைத்துப் புதிதாகப் பூசப்போகிறீர்களா? துணியையும் ஆல்கஹாலையும் தேடுவதற்கு முன் கூலரை, அதாவது பிராசசரின் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் உலோகத் தகடும் விசிறியும் சேர்ந்த பாகத்தை, கழற்றும் வேலையைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்து சேரும் பாழான பிராசசர்களில் பெரும்பாலானவை துடைக்கும்போது கெட்டவை அல்ல. அதற்குச் சற்று முன்பு, கூலரைப் பிடுங்கியபோதே கெட்டுவிட்டவை.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகைப் பிராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பக்கத்தில் 1331 மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. மேல்பக்கத்தில் பல ஆண்டு வெப்பத்தில் இறுகிப்போன பேஸ்ட். கூலரை நேராக மேல்நோக்கி இழுத்தால், பிராசசர் உட்கார்ந்திருக்கும் சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருந்தாலும் பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். வரும் வேகத்தில் ஊசிகள் வளையும். சில முறிந்தும் போகும். இன்டெல் பிராசசர்களில் இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அங்கே ஓர் இரும்புச் சட்டம் பிராசசரைச் சுற்றி அழுத்திப் பிடித்திருக்கும். ஆனால் அவற்றின் ஊசிகள் கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டிலேயே, சாக்கெட்டுக்குள் இருக்கின்றன. எல்ஜிஏ 1151, 1200, 1700 என்று சாக்கெட்டுகளுக்குப் பெயரிடுகிறார்களே, அந்த எண்தான் ஊசிகளின் எண்ணிக்கை. பிராசசரை வெளியே எடுத்த பிறகு அந்தச் சாக்கெட்டின் மேல் ஒரு துணி நூல் சிக்கி இழுத்தால் போதும், மதர்போர்டையே மாற்ற வேண்டிய நிலை வரும்.

ஆகவே முதல் வேலை, பேஸ்ட்டை இளக வைப்பது. கணினி ஓடுகிற நிலையில் இருந்தால் ஐந்து பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்து ஓட விடுங்கள். பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கச் சொல்லலாம், காணொளி ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்லலாம். பிறகு முறையாக அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, மின்பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மீதமுள்ள மின்சாரத்தை வெளியேற்றுங்கள். மின்விசிறியின் கம்பியை மதர்போர்டிலிருந்து எடுத்துவிட்டுத் திருகுகளைக் குறுக்காக, ஒன்றுக்கு எதிர்மூலையில் அடுத்தது என்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கத்தை முழுவதும் கழற்றினால் கூலர் சாய்ந்து மறுபக்கத்தை அழுத்தும். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் திருகுக்குப் பதிலாக நான்கு கறுப்புப் பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அவற்றின் தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுக்க வேண்டும்.

கூலர் தளர்ந்ததும் மேலே தூக்காதீர்கள். இடமும் வலமுமாக மெல்ல முறுக்குங்கள். இளகிய பேஸ்ட் வழுக்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கும். முழுவதும் பிடி விட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் தூக்க வேண்டும். அசையவில்லை என்றால், கூலரின் அடிப்பாகத்தை முடி உலர்த்தும் கருவியின் மிதமான சூட்டில் சற்று நேரம் காட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். ஸ்குரூடிரைவரை இடையில் செருகி நெம்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அந்த முனை வழுக்கினால் மதர்போர்டின் மேல் ஓடும் செம்புத் தடங்களைக் கீறிக்கொண்டே போகும்.

இதை நான் மலேசியாவின் பினாங்கில் இருந்துகொண்டு எழுதுகிறேன் என்பதற்கும் இந்த விஷயத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் இங்கேதான் அமைத்தது. ஏஎம்டியும் அப்போதே வந்தது. வேறு நாடுகளில் செதுக்கப்பட்ட சிலிக்கான் சில்லுகள் இங்கே வந்து, தளத்தில் பொருத்தப்பட்டு, உலோக மூடி போடப்பட்டு, சோதிக்கப்பட்டு உலகம் முழுவதும் போகின்றன. இந்தத் தீவிலும் எதிர்க்கரையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஓர் அத்தையோ பெரியம்மாவோ அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த கதை சாதாரணமாகக் கேட்கக் கிடைக்கும். என் சின்னம்மாவும் பல ஆண்டுகள் அங்கே இரவு ஷிப்ட்டில் வேலை செய்தவர்.

நான் முதன்முதலில் ஒரு பிராசசரை அவர் முன்னால் கையில் எடுத்தபோது, “தம்பி, ஓரத்தைப் பிடி, வெறும் விரலால் மேலே தொடாதே” என்றார். மணிக்கட்டில் கட்டும் பட்டை, விரலுறை, தொட வேண்டிய இடம், தொடக்கூடாத இடம் எல்லாம் அவருக்கு உடம்பில் ஊறிய பழக்கங்கள். இன்டெல் பிராசசர் பலவற்றில் பேஸ்ட்டைத் துடைத்ததும் உலோக மூடியின் மேல் ‘மலாய்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பொறித்திருப்பது தெரியும். மலேசியாவில் பொருத்தப்பட்டது என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு முறை அது வெளிப்படும்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இவ்வளவு கவனமாக ஒருவர் கையாண்டு அனுப்பிய பொருளை, வீட்டு மேசையில் வைத்துச் சமையல் கத்தியால் சுரண்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

பேஸ்ட் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பிராசசரின் மூடி நிக்கல் பூசிய செம்பு. கூலரின் அடியும் செம்பு அல்லது அலுமினியம். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்தவை. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், பள்ளங்களில் காற்று நிற்கும். வெப்பம் கடத்தும் திறனை வாட், மீட்டர், கெல்வின் கணக்கில் சொன்னால் செம்பு ஏறக்குறைய 400, காற்று 0.026. பேஸ்ட் உறைகளில் பெரும்பாலும் ஒற்றை இலக்க எண்ணோ, பத்தைச் சற்றுத் தாண்டிய எண்ணோ அச்சிட்டிருப்பார்கள். செம்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை, காற்றோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு. காற்றை வெளியேற்றிப் பள்ளத்தை நிரப்புவது மட்டும்தான் அதன் வேலை என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது. பழைய பேஸ்ட்டின் மேலேயே புதியதைப் பூசக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். காய்ந்த துகள்கள் இடையில் நின்று இரண்டு உலோகங்களையும் விலக்கி வைக்கும், நடுவில் மறுபடி காற்று புகும்.

பெரும்பாலான பேஸ்ட் சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு போன்ற நுண்தூள்களைக் குழைத்தது. பிராசசர் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உலோகம் விரிந்து சுருங்கும்போது எண்ணெய் மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. தூள் மட்டும் நடுவில் தங்கி வறண்டு போகிறது. நம் ஊரில் கணினியின் உள்ளே போகும் காற்றே பிற்பகலில் முப்பது பாகையைத் தாண்டியது. குளிர்சாதனம் இல்லாத அறையில் வேலை செய்யும் கணினிக்கு ஆரம்பமே சூடு. இன்டெல் பிராசசர்கள் பல 100 பாகையை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை 95 பாகையில் அதைச் செய்கிறது. கணினி மந்தமாகிவிட்டது என்று சொல்லிப் புதியது வாங்கப் போகிறவர்களில் சிலருக்கு வேண்டியிருப்பது தூசி தட்டுவதும் பேஸ்ட் மாற்றுவதும் மட்டுமே.

அதேசமயம், தேவையில்லாமல் திறக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். மேசைக் கணினியில் நல்ல பேஸ்ட் பல ஆண்டுகள் தாங்கும். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, முதலில் அவற்றில் பாருங்கள். கூலரின் தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் சூடு இறங்காவிட்டால் மட்டும் கூலரைத் தொடுங்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காகவாவது கூலரை ஒருமுறை தூக்கிவிட்டால், பழைய பேஸ்ட்டோடு அப்படியே திரும்ப வைக்கக் கூடாது. துடைத்துப் புதிதாகத்தான் பூச வேண்டும்.

கொரோனா பரவலால் 2020 மார்ச் 18 அன்று மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டிய நிலை. அண்ணன் தங்கை மூன்று பேருக்கு ஒரே கைப்பேசி என்ற வீடுகள் இருந்தன. அலுவலகங்கள் ஒதுக்கி வைத்த பழைய கணினிகளைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலையில் நண்பர்களோடு நானும் சேர்ந்தேன். அவற்றில் பலவற்றின் பேஸ்ட், தொட்டால் சுண்ணாம்புப் பொடியாக உதிரும் நிலையில் இருந்தது. அந்தக் கணினிகள் கெட்டுப்போனால் மாற்று கிடையாது என்ற நிலையில் வேலை செய்ததால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

இனி துடைப்பது. வேண்டியது ஐசோபுரொபைல் ஆல்கஹால், முடிந்தால் 99 விழுக்காடு, குறைந்தது 90. மருந்துக் கடையில் எளிதாகக் கிடைப்பது 70 விழுக்காடு. அதில் மீதி தண்ணீர். அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், ஆனால் மெதுவாக உலரும், நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று சிலவகை மருத்துவ ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், கைத்தூய்மிக் களிம்பில் கிளிசரின் இருக்கும். இரண்டுமே உலோகத்தின் மேல் படலம் விட்டுவிடும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மண்ணெண்ணெயும் துரு நீக்கும் எண்ணெய்த் தெளிப்பானும் வேண்டவே வேண்டாம். பினாங்கில் இருப்பவர்கள் கொம்தார், பிராங்கின் மால் பக்கம் உள்ள கணினிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கு லோ யாட் பிளாசா இருக்கிறது. 99 விழுக்காட்டு ஆல்கஹால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே கொஞ்சமாகச் சின்னப் புட்டியில் ஊற்றிக்கொண்டு பெரிய புட்டியை உடனே இறுக மூடிவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது தீ. ஐசோபுரொபைல் ஆல்கஹாலின் ஆவி 12 பாகை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு எழும்பும். நம் வீட்டு வெப்பத்தில் மூடி திறந்த புட்டியிலிருந்து ஆவி எப்போதும் வந்துகொண்டே இருக்கும் என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வாகப் பரவும். நம் வீடுகளில் சாயங்காலம் சாமி மேடையில் விளக்கு எரியும், ஊதுவத்தி புகையும், மேசைக்கடியில் கொசுவர்த்தி கனன்றுகொண்டிருக்கும். வேலையை அந்த நேரத்தில், அந்த அறையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சன்னலைத் திறந்து வைத்துப் பகலில் செய்யுங்கள். சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் புட்டி இருக்கட்டும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டால் தோலும் வறளாது, பேஸ்ட்டும் விரலில் ஒட்டாது.

துணி, நூல் உதிராததாக இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி நல்லது. காப்பி வடிகட்டும் தாள் இன்னும் நல்லது, ஏனென்றால் அதைத் தயங்காமல் தூக்கிப் போடலாம். முகம் துடைக்கும் மெல்லிய டிஷ்யூ கிழிந்து இழை விடும். முதலில் மேலாக நிற்கும் தடிப்பை உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். பிறகு துணியின் ஒரு மூலையை ஆல்கஹாலில் நனைத்து, அதை அப்படியே பேஸ்ட்டின் மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். அடிப்பிடித்த பாத்திரத்தை ஊற வைத்துத் தேய்ப்பது போலத்தான். ஊறினால் தானாக விட்டுவிடும். புட்டியை நேரடியாகப் பிராசசரின் மேல் கவிழ்க்க வேண்டாம், கரைந்த பேஸ்ட் வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்கிவிடும்.

துடைக்கும் திசை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இருக்கட்டும். வெளிநோக்கித் துடைத்தால் அழுக்கு பச்சைப் பலகையின் மேல் பரவுகிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புதிய பகுதியைத் திருப்பிக்கொள்ளுங்கள். அழுத்தம் வேண்டியதில்லை. துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும் வரை செய்து, கடைசியாகச் சுத்தமான துணியில் புது ஆல்கஹால் தொட்டு ஒருமுறை துடைத்தால் மூடி பளபளக்கும். ஓரங்களுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். கூலரின் அடிப்பாகத்துக்கும் இதே வேலை. துடைத்த பிறகு இரண்டையும் விரலால் தொடக் கூடாது, தோலின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்.

முடிந்தால் பிராசசரைச் சாக்கெட்டிலேயே விட்டுத் துடையுங்கள். சாக்கெட்டை மூடி வைத்திருக்க அதைவிட நல்ல மூடி இல்லை. எதற்காவது வெளியே எடுக்க நேர்ந்து இன்டெல் சாக்கெட்டின் ஊசிகளில் பேஸ்ட் விழுந்துவிட்டால், துணியோ பஞ்சோ கொண்டு தொடாமல் அனுபவப்பட்டவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாதது என்பதால் பதறவும் வேண்டாம். ஏஎம்டியின் ஏஎம்5 பிராசசரில் உலோக மூடியின் விளிம்புகள் வெட்டிவிட்டாற்போல் இருக்கும், அந்த இடைவெளிகளில் குட்டிக் குட்டி மின்தேக்கிகள் தெரியும். அங்கே அடைத்துக்கொண்ட பேஸ்ட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியாலும் மென்மையான தூரிகையாலும் எடுங்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பாதகமில்லை. அதை எடுத்தே தீருவேன் என்று ஊசியால் குத்தினால்தான் பாதகம்.

மடிக்கணினி வேறு கதை. அதில் உலோக மூடி கிடையாது. கண்ணாடி போல மின்னும் சிலிக்கான் சில்லே நேரடியாக வெளியில் தெரியும். அதன் மூலை லேசாகச் சிதறினாலும் எல்லாம் முடிந்தது. 2000ஆம் ஆண்டுவாக்கில் வந்த ஏஎம்டி ஆத்லான் பிராசசர்கள் மேசைக் கணினியிலேயே இப்படித் திறந்த சில்லாக இருந்தன, கூலரைச் சாய்த்து மாட்டியதில் மூலை உடைந்த பிராசசர்கள் ஏராளம். ஆகவே மடிக்கணினியில் பிளாஸ்டிக் அட்டையால்கூடச் சுரண்டாதீர்கள், ஊறவைத்துத் துடைப்பது ஒன்றுதான் வழி. மின்கலத்தின் இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். கூலர் திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறித்திருக்கும். கழற்றும்போது எண்களின் இறங்குவரிசை, மாட்டும்போது ஏறுவரிசை. நினைவகச் சில்லுகளின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தென்ற பட்டைகளைப் பேஸ்ட் என்று நினைத்துத் துடைத்துவிட வேண்டாம். அவை குறிப்பிட்ட தடிமனில் இடைவெளியை நிரப்பும் தனிப்பொருள். கிழியாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

திறந்து பார்க்கும்போது பேஸ்ட்டுக்குப் பதிலாகக் கண்ணாடியில் பூசிய இரசம் போலப் பளபளக்கும் திரவம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது திரவ உலோகம், காலியம் கலந்த கலவை. காலியம் 29.8 பாகையிலேயே உருகும், பினாங்கின் மதிய வெப்பமே அதற்குப் போதும். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி சிந்தினால் ஷார்ட் ஆகும். அலுமினியத்தில் பட்டால் அதை உள்ளே அரித்து நொறுங்க வைத்துவிடும். சில விளையாட்டு மடிக்கணினிகளிலும் பிளேஸ்டேஷன் 5இலும் இது இருக்கிறது. முதன்முறை துடைப்பவர் கைவைக்க வேண்டிய பொருளே அல்ல.

சில்லுகளைக் கெடுக்கக்கூடிய நிலைமின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரக்காற்று நமக்கு இதில் துணை, ஆனால் குளிர்சாதன அறையில் காற்று உலர்ந்துவிடும். மணிக்கட்டுப் பட்டை இருந்தால் கட்டுங்கள். இல்லாவிட்டால் கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியை அடிக்கடி தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். கம்பளத்தின் மேல் உட்கார்ந்து செய்ய வேண்டாம்.

ஆல்கஹால் முழுவதும் உலர்ந்த பிறகு, மூடியின் நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தால் சாதாரண மேசைக் கணினிப் பிராசசருக்குப் போதும். இன்டெல் 1700 போன்ற நீள்வடிவப் பிராசசருக்கு நீளவாக்கில் ஒரு கோடு இழுக்கலாம். மடிக்கணினியின் திறந்த சில்லுக்கு மட்டும், சில்லு முழுவதும் மூடும்படி மெல்லிய படலமாகப் பரப்பிவிடுவேன். கூலரை நேராக இறக்கி, குறுக்குக் குறுக்காகத் திருகுகளை முடுக்குங்கள். நனைந்த துணிகளைக் காற்றோட்டத்தில் உலர வைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

கணினியைத் தொடங்கியதும் வெப்பநிலையைப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் விசிறியின் கம்பியைத் திரும்பச் சொருகினீர்களா, எல்லாத் திருகும் ஒரே அளவு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கூலராக இருந்தால் அதன் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றானதும் நான் எந்தப் பேஸ்ட், எந்த மாதம், எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுகிறேன். அடுத்துத் திறப்பவருக்கு, இப்போது திறக்கத் தேவை இருக்கிறதா இல்லையா என்று அதைப் பார்த்தே தெரிந்துவிடும்.